அந்தக் கடைசி 'டொக்' எங்க போச்சு?

போன வாரம் ஆபீஸ்ல கூட வேலை பாக்குற தம்பி ஒருத்தன் ஹெட்போனை கழட்டி என் கையில குடுத்து, "அண்ணா இத கேளுங்க, 1928ல பண்ண ரெக்கார்டிங்காம், நேத்து எடுத்த மாதிரி இருக்கு"ன்னான். ஜாஸ் ட்ரம்பெட் வாசிச்ச லூயி ஆம்ஸ்ட்ராங்கோட வெஸ்ட் எண்ட் ப்ளூஸ். கேட்டேன். உண்மைதான், ஒரு பொட்டு இரைச்சல் இல்ல. ஆனா கேட்டு முடிச்சதும் எனக்கு மனசே சரியில்ல, அன்னிக்கு அவன்கிட்ட சரியா விளக்கவும் முடியல, அதான் இங்க எழுதுறேன், கொஞ்சம் நீளமா போகும்.

அந்தப் பாட்ட நான் எத்தனை தடவ கேட்டிருப்பேன்னு கணக்கே இல்ல. ஆரம்பத்துல ட்ரம்பெட் மட்டும் தனியா, பக்கவாத்தியம் எதுவும் இல்லாம, ஒரு பன்னெண்டு செகண்ட் ஏறி இறங்கும் பாருங்க, அத பத்தி எல்லாரும் எழுதிட்டாங்க. நான் சொல்ல வந்தது அது இல்ல. அடுத்து ட்ரோம்போன் வரும்போது பின்னாடி டொக் டொக்னு ஒரு சத்தம் கூடவே நடந்து வரும். ஸட்டி சிங்கிள்டன்னு ட்ரம்மர், அவர் அன்னிக்கு வாசிச்சது இடுக்கி மாதிரி ஒரு பிடியில ஜோடியா மாட்டின சின்ன தாளம், நம்ம ஜால்ராவுக்கு ஒண்ணுவிட்ட தம்பின்னு வச்சுக்கங்க. ஆம்ஸ்ட்ராங் கிட்டத்தட்ட நாலு பார், அதாவது நாலு தாளச் சுத்து, ஒரே உச்ச ஸ்வரத்துல நிப்பாரு, ஏர்ல் ஹைன்ஸ் பியானோவுல மெதுவா இறக்குவாரு, எல்லாரும் சேர்ந்து முடிப்பாங்க, அப்புறம் கடைசியா தாளத்துல ஒரே ஒரு 'டொக்'. கதவ சாத்தி தாழ்ப்பாள் போட்ட மாதிரி. அதோட பாட்டு முடிஞ்சுது.

தம்பி குடுத்த வெர்ஷன்ல அந்த டொக் தண்ணிக்குள்ள கல்லு விழுந்த மாதிரி ஒரு மொத்த சத்தமா இருக்கு, ட்ரோம்போன் பின்னாடி வர்ற நடையோ பாதி காணோம், ட்ரம்பெட்டோட அந்த பித்தளை விளிம்பு மழுங்கிப் போச்சு. இரைச்சல எடுக்குறேன்னு ஆள் வாசிச்சதையும் சேர்த்து எடுத்துட்டாங்க.

இது ஏன் இப்படி ஆகுதுன்னா, நிமிஷத்துக்கு 78 சுத்து சுத்துற பழைய 78 ஆர்பிஎம் தட்டுல வர்ற அந்த 'ஸ்ஸ்ஸ்'ங்கற இரைச்சல்ல நம்ம காத ரொம்ப உறுத்துறது மேல் ஃப்ரீக்வென்சியில இருக்கறதுதான். அதே இடத்துலதான் தாளத்தோட கூர்மை, கம்பிய நகம் தட்டுற சத்தம், பாடுறவன் வாயில வர்ற 'ஸ' 'த' 'ட' எல்லாம் இருக்கு. சாஃப்ட்வேர்ல ஸ்லைடர இழுத்தா ரெண்டும் சேர்ந்துதான் போகும், அரிசிய களையும்போது கண்ண மூடிக்கிட்டு தண்ணிய சாய்ச்சா அரிசியும் சேர்ந்து போற மாதிரி. தட்டுல அங்கங்க விழுற 'டிக்' 'பட்' வேற கதை, அத ஒவ்வொண்ணா தேடி எடுக்கலாம், பாட்டுக்கு ஒண்ணும் ஆகாது, ஆனா அதுக்கு ஆளு உக்காரணும், நேரம் வேணும்.

அப்படி உக்காந்த ஆள் ஒருத்தர் இங்கிலாந்துல இருந்தாரு, ஜான் ஆர் டி டேவிஸ். அவரே வாத்தியக்காரர், டெம்பரன்ஸ் செவன் பேண்ட்ல வாசிச்சவரு, 2004ல போயிட்டாரு. கம்ப்யூட்டர் வர்றதுக்கு முன்னாடியே தட்ட டேப்புக்கு மாத்தி, ஒவ்வொரு 'டிக்'கும் டேப்ல எந்த இடத்துல விழுந்திருக்குன்னு கையால நகத்தி நகத்தி கண்டுபிடிச்சு, அந்த இடத்துல இருக்குற காந்தப் பூச்ச மட்டும் துளி சுரண்டி எடுப்பாராம். மூணு நிமிஷப் பாட்டுல இது எத்தனை தடவன்னு நினைச்சுப் பாருங்க. ஆம்ஸ்ட்ராங்கோட ஹாட் ஃபைவ், ஹாட் செவன் பேண்ட் ரெக்கார்டெல்லாம் சேர்த்து ஜேஎஸ்பி லேபிள்ல அவர் பண்ணின செட்டு 4 சிடி, அத வாங்கி வெஸ்ட் எண்ட் ப்ளூஸ் போட்டு கேளுங்க. இரைச்சல் இருக்கு, மெல்லிசா பின்னாடி ஓடிக்கிட்டேதான் இருக்கு. ரெண்டாவது நிமிஷத்துல உங்க காது அத மறந்துரும். கடைசி டொக் பக்கத்து ரூம்ல விழும்.

என்னோட கருத்து இவ்ளோதான். ரீஇஷ்யூங்கறது, அதாவது பழைய ரெக்கார்ட மறுபடி வெளியிடறது, காப்பி எடுக்குற வேலை இல்ல, அது ஒரு ஆளோட காது, கை, தீர்மானம். எந்தத் தட்டுல இருந்து எடுத்தாங்க, யாரு மாத்துனாங்க, எந்த வேகத்துல ஓட்டுனாங்கன்னு எழுதாத எந்த வெளியீட்டையும் நான் நம்பறது இல்ல, நீங்களும் நம்பாதீங்க.

வேகம்னு சொன்னதும் சிலபேர் கேப்பீங்க, அதான் 78ன்னு பேர்லயே இருக்கேன்னு. இல்லீங்க. பேருதான் 78, அந்தக் காலத்துல 74, 76, 80ன்னு கம்பெனிக்கு கம்பெனி, ஏன் ஒரே கம்பெனியிலயே நாளுக்கு நாள் மாறும். 74ல எடுத்தத 78ல ஓட்டுனா பாட்டு கிட்டத்தட்ட அரைக் கட்டை ஏறிரும், குரலும் ஒல்லியாயிரும், ஆளே வேற ஆளாயிருவான். அதனால அந்த பேண்ட் எந்த சுருதியில வாசிக்க வசதியா இருந்திருக்கும்னு வாத்தியம் தெரிஞ்சவங்க உக்காந்து யோசிச்சுதான் வேகத்த முடிவு பண்ணணும். ப்ளூஸ் பாடகர் ராபர்ட் ஜான்சன் ரெக்கார்டெல்லாம் வேகமா ஓட்டி வெளியிட்டதுன்னு ஒரு கோஷ்டி ரொம்ப நாளா சொல்லிக்கிட்டு இருக்கு, நான் அத ஒத்துக்கல, சான் ஆன்டோனியோவுல 1936லயும் டல்லஸ்ல 1937லயும் தனித்தனியா எடுத்தது அத்தனையும் ஒரே அளவுக்கு தப்பா போயிருக்கும்னு சொல்றது எனக்கு பொருந்தல. சரி அது தனி சண்டை.

ஊசியும் அப்படித்தான். தட்டுல இருக்குற பள்ளத்தோட சுவர்ல பழைய இரும்பு முள்ளு ஓடி ஓடி ஒரு மட்டத்துல தேஞ்சு போயிருக்கும். வேற அளவு ஊசி போட்டா அது தேயாத மட்டத்துல போய் உக்காரும், அங்க சத்தம் புதுசா இருக்கும். நல்ல ஆளுங்க ஒரே தட்டுக்கு நாலஞ்சு ஊசி மாத்தி மாத்தி பாத்துட்டுதான் எடுப்பாங்க. சாஃப்ட்வேர திறக்குறதுக்கு முன்னாடியே பாதி வேலை முடியறது இங்கதான்.

இப்ப ப்ளூஸ் பக்கம் வருவோம், அமெரிக்கக் கறுப்பின மக்களோட பாட்டு, எனக்கு உயிரே அங்கதான் இருக்கு. சார்லி பேட்டன். மிசிசிப்பி டெல்டாவோட பெரிய தல. 1929 ஜூன் 14ஆம் தேதி இண்டியானாவுல ரிச்மண்ட்ங்கற ஊர்ல ஜெனட் கம்பெனி ஸ்டூடியோவுல ஒரே நாள்ல 14 பாட்டு பாடிட்டு போனாரு. அதே ஊர்ல அதே கம்பெனி ஸ்டூடியோவுலதான் 1923 ஏப்ரல்ல கிங் ஆலிவர் பேண்ட் வந்து வாசிச்சுது, ஆம்ஸ்ட்ராங் முதல் முதலா ரெக்கார்டுக்கு வாசிச்சது அப்பதான். ரயில் பாதைய ஒட்டின கட்டிடம், ரயில் போனா ரெக்கார்டிங்க நிறுத்திருவாங்க. 1923ல மைக் கிடையாது, சத்தத்த வாங்குற பெரிய கூம்புதான். இளவட்டம் ஆம்ஸ்ட்ராங்கோட சத்தம் குரு ஆலிவர முழுங்கிருதுன்னு ஆம்ஸ்ட்ராங்க மட்டும் தள்ளி நிக்க வச்சாங்கன்னு பியானோ வாசிச்ச லில் ஹார்டின் பின்னாடி சொல்லியிருக்காங்க.

அந்த ஸ்டூடியோவுல பேட்டன் பாடுனது பாரமவுண்ட் லேபிளுக்கு. அந்தக் கம்பெனிய நடத்துனது விஸ்கான்சின்ல ஒரு நாற்காலி கம்பெனி! கிராமபோன் பெட்டி செஞ்சாங்க, பெட்டி விக்கணும்னா தட்டு வேணுமேன்னு தட்டும் போட்டாங்க. தட்டு செய்ய அரக்கு வேணும், உலகம் முழுக்க போன அரக்குல பெரும்பகுதி நம்ம நாட்டுல சோட்டா நாக்பூர் காட்டுப் பக்கம் மரத்துல பூச்சி வச்சதுதான், அத நினைக்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கும். பாரமவுண்ட்காரங்க கலவையில கஞ்சத்தனம் பண்ணிட்டாங்க. புதுசா வாங்குனப்பவே கொரகொரன்னு இருந்த தட்டு அது. 1932 வாக்குல ரெக்கார்டிங்க நிறுத்திட்டாங்க, தட்டு அச்சடிக்குற மூல உலோக அச்சு, மாஸ்டர் மெட்டல், அதெல்லாம் பழைய இரும்பு விலைக்கு போச்சு. பெரிய கம்பெனிகள்ல கொஞ்சமாவது மெட்டல் மிஞ்சுச்சு, இங்க அதுவும் இல்ல. ஆக பேட்டன் பாரமவுண்டுக்கு பாடுனது இன்னிக்கு உலகத்துல இருக்குறது யாரோ ஒரு கறுப்பின குடும்பம் கூலிக் காசுல வாங்கி, ஆடி, தேச்சு, வீட்டு வராண்டாவுல போட்டு வச்சிருந்த தட்டுகள்ல மட்டும்தான்.

அத வீடு வீடா போய் கதவத் தட்டி தேடுன சேகரிப்பாளர்கள் இல்லன்னா ஒண்ணுமே இல்ல. 1960ல பில் கிவன்ஸ், பீட் வீலன்னு ரெண்டு பேர் நியூயார்க்ல ஒரிஜின் ஜாஸ் லைப்ரரின்னு சின்ன லேபிள் ஆரம்பிச்சு முதல் எல்பியே பேட்டனுக்கு போட்டாங்க. அதுக்கு மறுவருஷம்தான் கொலம்பியா ராபர்ட் ஜான்சன் எல்பி போட்டுது. அப்புறம் யாஸூ லேபிள், அப்புறம் வியன்னாவுல ஜானி பார்த் நடத்துன டாகுமெண்ட் லேபிள். டாகுமெண்ட் சிடி சத்தம் சிலது காதுக்கு கொடுமைதான், ஒத்துக்கறேன், ஆனா அந்த மனுஷன் ரெண்டாம் உலகப் போருக்கு முந்தின ப்ளூஸ் ஒண்ணு விடாம தேதி வரிசையில போடணும்னு கிளம்பினாரு பாருங்க, அதுக்கு ஒரு கும்பிடு. ஐரோப்பாவுல ரெக்கார்டிங் உரிமை ரொம்ப காலம் 50 வருஷம்தான், அதனாலதான் இந்த சின்ன லேபிள்களால அங்க இருந்து இவ்ளோ செய்ய முடிஞ்சுது.

பேட்டனோட ஹை வாட்டர் எவ்ரிவேர் கேளுங்க. 1927ல மிசிசிப்பி ஆறு கரைய உடைச்சு ஊரையே அடிச்சிட்டுப் போன வெள்ளத்த பத்தி, ரெண்டு பக்கத்துக்கும் பாடுனது. கிட்டார் உடம்ப கையால அடிப்பாரு, ஊர் பேரா சொல்லிக்கிட்டே போவாரு. குரலே கரகரப்பு, வார்த்தைய மென்னு பாடுற ஆளு, அவர் என்ன வார்த்தை சொல்றாருன்னு இன்னிக்கு வரைக்கும் அடிச்சுக்கறாங்க. இதுல போய் மேல் ஃப்ரீக்வென்சிய வெட்டுனா என்ன ஆகும்? மெய்யெழுத்தெல்லாம் போயிரும். வெள்ளத்துல தப்பிச்சு மேட்டுக்கு ஓடுற மனுஷன் எந்த ஊர் பேர சொல்றான்னே தெரியாமப் போயிரும். இரைச்சல் ரொம்ப புனிதம்னு நான் சொல்லல, அது இல்லாம கிடைச்சா சந்தோஷமா வாங்கிக்குவேன். மாஸ்டரே இல்லாத தட்டுக்கு அப்படி ஒரு வழி கிடையாது.

எனக்கு ரொம்ப கோவம் வர்றது மலிவு பாக்ஸ் செட் மேல. ஒரு கம்பெனியோட 10 சிடி பாக்ஸ் ஒண்ணு வாங்கி ஏமாந்தேன். உள்ள ஒரு துண்டு காகிதம் கூட இல்ல. யாரு கிட்டார், எந்த வருஷம், எந்த ஊரு, எதுவும் இல்ல. ஒரே பாட்டு ரெண்டு பேர்ல ரெண்டு தடவ வருது. அதுல ஒரு ட்ராக்குல நடுவுல ஒரு கீறல், என்கிட்ட இருக்குற வேற லேபிள் சிடியிலயும் அதே செகண்ட்ல அதே கீறல். அப்படியே எடுத்து, மேல ஃபில்டர் போட்டு, ஸ்டீரியோ மாதிரி எக்கோவும் தடவி வித்திருக்காங்க. அந்த முதல் ஆள் ராத்திரியெல்லாம் உக்காந்து பண்ண வேலை, அவர் பேரு எங்கயும் இல்ல. ஸ்ட்ரீமிங்ல இது இன்னும் மோசம், ஒரே பாட்டு முப்பது அப்லோடு, வருஷம்னு போட்டிருக்குறது அப்லோடு பண்ண வருஷம். அமெரிக்காவுல 1923ல வெளிவந்த ரெக்கார்டிங் எல்லாம் 2024 ஜனவரி 1ல பொதுச்சொத்தாச்சு, இனி வருஷா வருஷம் அடுத்தது வரும், எனக்கு அதுல ரொம்ப சந்தோஷம், ஆனா யார் வேணாலும் போடலாம்னா யார் போட்டத கேக்கறதுங்கற பொறுப்பு நம்ம தலைலதான் விழுது.

இன்னொண்ணு, தேடல் முடிஞ்சு போச்சுன்னு நினைக்காதீங்க. ப்ளூஸ் பாடகர் சன் ஹவுஸ் 1930ல பாரமவுண்டுக்கு பாடுன கிளார்க்ஸ்டேல் மோன் எழுபது வருஷத்துக்கு மேல வெறும் கேட்டலாக் நம்பரா மட்டும் இருந்துச்சு, தட்டு கிடைச்சு 2006ல யாஸூ சிடியில வந்துச்சு. அத முதல் தடவ கேட்ட அன்னிக்கு நான் வேற எதுவும் கேக்கல. டாமி ஜான்சனோட ஒரு பாரமவுண்ட் தட்டு 2013ல ஏலத்துல 37,100 டாலருக்கு போச்சு, வாங்குனவரு அத பூட்டி வைக்காம எல்லாரும் கேக்க வெளியிட்டாரு, அதுக்காக அவர எனக்கு பிடிக்கும். பேட்டனோட கூட்டாளி வில்லி பிரவுன் பாடுனதுல சில பக்கம் இன்னும் யார் கைக்கும் வரல.

தம்பிக்கு நேத்து அந்த ஜேஎஸ்பி செட்ட கையில குடுத்தேன், திருப்பித் தர அவசரம் இல்லன்னும் சொல்லிட்டேன். இங்க யார்கிட்டயாவது ஒரிஜின் ஜாஸ் லைப்ரரியோட அந்த முதல் பேட்டன் எல்பி இருந்தா சொல்லுங்க. விலைக்கு கேக்கல. உங்க வீட்டுக்கே வர்றேன், ரெண்டு பக்கமும் ஒரு தடவ உக்காந்து கேட்டுட்டு போயிடுவேன்.