மைக்கை வாங்கிவிட்டீர்கள், சரி, நான் எழுதுகிறேன்

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் நடந்தது சுங்கை சிப்புட் முழுக்கத் தெரியும். புற்றுநோய் பற்றிப் பேச வந்த மிஸ்ஸி (நர்ஸ்) "பெண்ணுறுப்பு" என்று சொன்னதும் மைக்கை வாங்கிவிட்டார்கள். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை.

பெண்ணுறுப்பின் வெளித்தோலில் புற்றுநோய் வரும். அரிதுதான், ஆனால் வரும். அதிகமாக 60 தாண்டியவர்களுக்கு. நிற்காத அரிப்பு, எரிச்சல், ஆறாத புண், சின்னக் கட்டி, தோல் வெளுப்பது, தடிப்பது, இரத்தக் கசிவு. இதில் எது வாரக்கணக்கில் இருந்தாலும் டாக்டரிடம் காட்டுங்கள். இடத்தைச் சொல்லிக் காட்டுங்கள்.

என் பெரியம்மா இடத்தைச் சொல்லவில்லை. நாற்பது வருடம் தோட்டத்தில் பால்மரம் (ரப்பர்) வெட்டியவர். கிளினிக்கில் "உடம்பு அரிக்குது" என்று மட்டும் சொன்னார். கைக்கும் காலுக்கும் தடவ மருந்து கொடுத்தார்கள். வீட்டில் என்னிடம் "சூடு, அம்மா" என்றார். வேப்பிலைத் தண்ணீரில் கழுவியே இரண்டு வருடம் போனது. கூடவே இருந்த எனக்கும் தெரியவில்லை. அதை நினைத்தால் இன்றும் நெஞ்சு அடைக்கிறது.

ஈப்போவில் துளி சதை எடுத்துச் சோதித்த பிறகுதான் தெரிந்தது. சீக்கிரம் போயிருந்தால் அந்தக் கட்டியையும் சுற்றிக் கொஞ்சம் நல்ல தோலையும் வெட்டி எடுப்பதோடு முடிந்திருக்கலாம். 1 மில்லிமீட்டருக்கு மேல் ஆழம் போனாலே தொடை இடுக்கு நெறிகளையும் (நிணநீர் முடிச்சுகள்) பார்க்க வேண்டுமாம். பெரியம்மாவுக்கு இரண்டு பக்கமும் நெறிகளை எடுத்தார்கள். நெறியிலும் பரவியிருந்ததால் ரேடியேஷன், அதோடு கீமோ. இப்போது நிணநீர் தேங்கி ஒரு கால் வீங்கியே இருக்கிறது. யானைக்கால் என்று பேசுகிறார்கள். யானைக்கால் இல்லை.

"பாப் ஸ்மியர் எடுத்தாச்சு, போதாதா?" போதாது. அது கர்ப்பப்பை வாய்க்கு. இந்த நோய்க்குத் தனிப் பரிசோதனைத் திட்டமே கிடையாது. நாம் வாய் திறந்தால்தான் உண்டு.

"ஒழுக்கம் கெட்டவர்களுக்கு வருவது" என்று வாட்ஸ்அப்பில் எழுதியவருக்கு: ஒரு பகுதி, உடலுறவில் தொற்றும் எச்பிவி என்ற கிருமியால் வருகிறது. அது ஒருவனோடு மட்டும் வாழ்ந்த பெண்ணுக்கும் தொற்றும். வயதானவர்களுக்குப் பெரும்பாலும் நாள்பட்ட தோல் நோயிலிருந்து வருகிறது. என் பெரியம்மாவுக்கும் அப்படித்தான். அந்த வரியை அவரும் படித்தார். நீங்கள் அழிப்பதற்கு முன்பே படித்துவிட்டார்.

மைக்கை ஏன் வாங்கினீர்கள் என்றால், மண்டபத்தில் பிள்ளைகள் இருந்தார்கள் என்கிறீர்கள். கொஞ்சம் நியாயம்தான், மறுக்கவில்லை. ஆனால் 2010 முதல் மலேசியப் பள்ளிகளில் 13 வயதுப் பெண் பிள்ளைகளுக்கு எச்பிவி தடுப்பூசி போடுகிறார்கள். எதற்கு ஊசி என்று அந்தப் பிள்ளைக்கு யார் சொல்வது?

அன்று பெரியம்மா மூன்றாவது வரிசையில் இருந்தார். தன் கதையைச் சொல்லத்தான் புதுச் சேலை கட்டி வந்தார். மைக் கை மாறியதும் முந்தானையால் காலை மூடிக்கொண்டார். காரில் ஏறியதும், "நான் வந்திருக்கக் கூடாதோ?" என்று கேட்டார்.

தலைவர் ஐயா, அடுத்த மாதம் மிஸ்ஸியை மறுபடி கூப்பிடுங்கள். பெரியம்மாவை நான் அழைத்து வருகிறேன்.