25 பாயிண்ட் எடுக்கிறான், சரி. பந்தை யாருக்குக் கொடுக்கிறான்?

ஹைஸ்கூல் கூடைப்பந்தில் பாயிண்ட் கார்டாக, அதாவது பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்துகிறவனாக, ஆடும் பையனைப் பற்றி யார் பேச ஆரம்பித்தாலும் முதலில் வந்து விழுவது புள்ளிக்கணக்குதான். "ஆட்டத்துக்கு 25 பாயிண்ட், ஆறடி ரெண்டு, வீடியோ அனுப்புறேன் பாருங்க." அனுப்புவார்கள். இரண்டரை நிமிடம் ஓடும். டிஃபெண்டர் தடுமாறி உட்காருவான், இவன் நின்று நிதானமாக மூன்று புள்ளி போடுவான், பின்னணியில் ராப் அதிரும். அந்த இரண்டரை நிமிடத்தில் ஒரு பந்துகூட வளையத்துக்கு வெளியே போகாது. இவனுக்குக் கல்லூரியில் ஸ்காலர்ஷிப் கிடைக்குமா என்று அடுத்த கேள்வி வரும். பார்க்க வேண்டிய எதுவுமே அந்த வீடியோவில் இல்லையே, நான் என்ன சொல்ல?

நான் கோச் இல்லை. அமெரிக்காவில், வட கரோலினாவில் குடியிருப்பவன். குளிர்காலம் வந்தால் செவ்வாயும் வெள்ளியும் ஏதாவது ஒரு பள்ளி ஜிம்மின் மரப்படிகளில் போய் உட்காருகிற ஆள். அதனால் இது ஒரு ரசிகனின் அபிப்பிராயம், அவ்வளவுதான். ஆனால் இதில் எனக்குக் கொஞ்சம் பிடிவாதம் உண்டு. பாயிண்ட் கார்டை அவன் போடும் புள்ளியை வைத்து எடைபோடுவது வீண்வேலை. பந்து அவன் கையில் இருக்கும்போது மற்ற நாலு பேருக்கும் என்ன நடக்கிறது என்றுதான் பார்க்க வேண்டும். வீடியோத் துணுக்கில் அது வராது. ஸ்கோர்ஷீட்டில் பாதிதான் வரும்.

முதலில் அந்த 25-ஐ எடுத்துக்கொள்வோம். ஹைஸ்கூலில் மூன்று புள்ளிக் கோடு வளையத்திலிருந்து 19 அடி 9 அங்குலம். கல்லூரி ஆண்கள் ஆட்டத்தில் 2019-20 சீசன் முதல் 22 அடி 1¾ அங்குலம். இரண்டடிக்கு மேல் பின்னால் போய் எறிய வேண்டும், அதுவும் தன்னைவிட நாலு வயது மூத்தவன் முகத்துக்கு நேரே கையை நீட்டிக்கொண்டு நிற்கும்போது. கல்லூரியில் 30 விநாடிக்குள் ஷாட் எடுத்தாக வேண்டும். ஹைஸ்கூல் விதிப்புத்தகம் 35 விநாடி ஷாட் கிளாக்குக்கு இடம் கொடுத்ததே 2022-23 சீசனில்தான், அதையும் வேண்டிய மாநிலம் வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லித்தான். கடிகாரமே இல்லாமல் ஆடிப் பழகிய பையனுக்கு, எட்டு விநாடி மிச்சமிருக்கும்போது சொதப்பிப்போன பிளேயை எப்படித் தேற்றுவது என்று யார் சொல்லிக் கொடுத்திருப்பார்கள்?

எதிரில் ஆடுபவர்களையும் பாருங்கள். ஹைஸ்கூலில் ஆடும் பையன்களில் டிவிஷன் ஒன் என்னும் மேல்மட்டக் கல்லூரியில் ஆடப்போவது ஏறக்குறைய நூற்றுக்கு ஒருவர். அப்படியென்றால் அந்த 25 புள்ளியில் பெரும்பகுதி, பள்ளி முடிந்ததும் பந்தை மூட்டைகட்டிப் பரணில் போடப்போகிறவர்களுக்கு எதிராக எடுத்தது.

ஒரு வெள்ளிக்கிழமை பார்த்த ஆட்டம். ஊர், பள்ளி வேண்டாம். மூன்றாவது குவார்ட்டர். ஒல்லிப் பையன், ஜெர்சி தோளில் நிற்கவில்லை. கூடைக்குப் பக்கத்தில் ஆடும் அவனுடைய சென்டர் வந்து ஸ்க்ரீன் போட்டான், அதாவது எதிராளியின் வழியை மறித்து நின்றான். எதிரணி டிஃபெண்டர்கள் இரண்டு பேரும் பந்தின் மேல் பாய்ந்தார்கள். ஹைஸ்கூலில் பாதி பாயிண்ட் கார்டுகள் இந்த இடத்தில் டிரிபிளை, அதாவது பந்தைத் தரையில் தட்டுவதை, நிறுத்திவிட்டு, பந்தைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு திருதிருவென்று முழிப்பார்கள். இவன் டிரிபிளை விடாமல் இரண்டு எட்டு பின்வாங்கினான். இருவரும் கூடவே வந்தார்கள். கண்ணை வலது மூலைக்குக் கொண்டுபோனான், கூடைக்கடியில் நின்ற மூன்றாவது டிஃபெண்டரும் அந்தப் பக்கம் ஒரு எட்டு நகர்ந்தான். அந்த இடைவெளியில், கூடையை நோக்கி ஓடிக்கொண்டிருந்த சென்டருக்கு இடது கையாலேயே தரையில் ஒரு துள்ளல் பாஸ். அருமையான பாஸ். சென்டர் கையில் பட்டுத் தெறித்து வெளியே போய்விட்டது.

ஸ்கோர்ஷீட்டில் அது ஒரு டர்ன்ஓவர், பந்தைப் பறிகொடுத்த கணக்கு. கூடை விழ உதவிய பாஸுக்குக் கிடைக்கும் அசிஸ்ட் கிடையாது, ஹைலைட்டும் கிடையாது. என் பக்கத்தில் இருந்த ஒரு அப்பா "ச்சே" என்று தலையில் அடித்துக்கொண்டார். நான் பார்த்தது அதற்கு அடுத்த முறை நடந்ததை. அதே ஸ்க்ரீன், அதே இரண்டு பேர். அதே சென்டருக்கே கொடுத்தான். இந்தத் தடவை தரையில் அடிக்கவில்லை, வேகத்தைக் குறைத்து நெஞ்சு உயரத்தில் கொடுத்தான். சென்டர் பிடித்தான், போட்டான். கல்யாண வீட்டில் பந்தி விசாரிக்கிறவர் யார் இலையில் என்ன தீர்ந்திருக்கிறது, யாருக்குக் கேட்கக் கூச்சம் என்று நடந்துகொண்டே கவனிப்பாரே, அந்தக் கண் இந்த ஒல்லிப் பையனுக்கு இருந்தது. தன் சென்டருக்குக் கை கொஞ்சம் கட்டை, தாழ்வான பந்தைப் பிடிக்க மாட்டான் என்று ஒரே தடவையில் புரிந்துகொண்டு பாஸை மாற்றிவிட்டான். அன்றைக்கு அவன் எடுத்தது ஒன்பதோ பத்தோ புள்ளிதான். நான் கோச்சாக இருந்திருந்தால் அன்றிரவே அவன் வீட்டுக்கு போன் போட்டிருப்பேன்.

ஸ்க்ரீன் வந்து இரண்டு பேர் பாயும் அந்த இரண்டு விநாடியில்தான் பாதி விஷயம் இருக்கிறது. கல்லூரியில் ஒரு கார்டு இரவு முழுக்க அதையேதான் திரும்பத் திரும்பச் சந்திக்கப் போகிறான். எதிராளி ஸ்க்ரீனுக்கு அடியில் புகுந்து வந்தால் நின்ற இடத்திலிருந்தே ஷாட் போடுவானா, எதிர் மூலையில் தனியாக நிற்பவன் கண்ணில் படுவானா, பந்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டால்தான் பாஸ் வருமா, டிரிபிளிலிருந்தே ஒற்றைக் கையால் வருமா? ஹைஸ்கூலில் உடம்பு வேகத்தை மட்டும் வைத்தே இந்தக் கேள்விகளிலிருந்து தப்பித்துவிடலாம். அதனால்தான் அபார வேகமுள்ள பையன்களை எடைபோடுவது கஷ்டம். ஒருவனைத் தாண்டிப் போக வேகமே போதும் என்கிறபோது, யோசிக்க வேண்டிய அவசியம் அவனுக்கு வந்திருக்கவே வராது.

ஷூட்டிங்குக்கு நான், ஃபவுலுக்குப் பிறகு யாரும் தடுக்காமல் எறியும் ஃப்ரீ த்ரோவின் சதவீதத்தைத்தான் நம்புவேன். மூன்று புள்ளிச் சதவீதம் ஒரு ஹைஸ்கூல் சீசனுக்குள் எப்படி வேண்டுமானாலும் ஆடும். ஃப்ரீ த்ரோ பொய் சொல்வது குறைவு. உயரம் பற்றி ஒரே வரி: அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்.பி.ஏ.வில் நட்சத்திரமான ஜேலன் பிரன்சன் ஆறடி இரண்டுதான், எகிறிக் குதிக்கிறவரும் இல்லை, வில்லனோவா கல்லூரியில் 2016, 2018 என்று இரண்டு தேசியப் பட்டம் வாங்கினார், அப்படியும் என்.பி.ஏ. அணிகள் புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் 2018 டிராஃப்டில் 33-வது ஆளாகத்தான் எடுத்தார்கள்.

பள்ளிக்கு வெளியே கிளப் அணிகள் ஆடும் கோடைகால ஏ.ஏ.யூ. ஆட்டங்களைத்தான் நம்ப வேண்டும், பள்ளி ஆட்டம் வீண் என்று ஒரு கட்சி உண்டு. பாதி நியாயம் இருக்கிறது. ஜூலையில் தென் கரோலினாவின் நார்த் அகஸ்டாவில் நடக்கும் பீச் ஜாம் போட்டிக்குப் போனால் நாட்டிலேயே நல்ல பையன்கள் ஒருவரோடு ஒருவர் மோதுவதைப் பார்க்கலாம், டிவியில் பார்க்கும் கோச்சுகள் எல்லாம் வரிசையாக நாற்காலியில் இருப்பார்கள். எதிராளி தரம் என்கிற பிரச்சினை அங்கே இல்லை. ஆனால் அங்கே எல்லோரும் தன்னைக் காட்டிக்கொள்ள வந்தவர்கள். பத்துப் பேரும் பந்து கேட்கிற இடத்தில், பந்தைப் பகிர்கிறவனைத் தேடுவது கொஞ்சம் வேடிக்கைதான். பள்ளி அணியில் நாலு சுமாரான பையன்களை வைத்துக்கொண்டு வண்டியோட்டத் தெரிகிறதா என்றும் பார்க்க வேண்டும். இரண்டும் தேவை.

இதில் எனக்கு மிகவும் பிடித்த கதை டேவிட்சனின் அப்போதைய கோச் பாப் மெக்கிலப்புடையது. டேவிட்சன் சார்லட் பக்கத்தில் இருக்கும் சின்னக் கல்லூரி. பின்னாளில் என்.பி.ஏ.வின் பெரிய நட்சத்திரமான, சார்லட் கிறிஸ்டியன் பள்ளியின் ஸ்டெஃபன் கறியை அவர் ஒரு ஏ.ஏ.யூ. ஆட்டத்தில் பார்க்கப் போனார். கறி அன்றைக்கு மகா மோசம். பந்து கேலரிக்குப் போனது, காலில் பட்டு ஓடியது, ஷாட்டெல்லாம் தவறியது. அவர் கவனித்ததோ வேறு. பையன் ஒரு தடவைகூட ரெஃப்ரியைப் பார்த்துக் கையை விரிக்கவில்லை, சக வீரனைக் குறை சொல்லவில்லை, பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோதும் உற்சாகப்படுத்திக்கொண்டிருந்தான், கோச் பேசினால் கண்ணைப் பார்த்துக் கேட்டான். மெக்கிலப்புக்கு அது போதுமாக இருந்தது. அப்பா டெல் கறி வர்ஜீனியா டெக்கின் பெரிய நட்சத்திரம். அந்தக் கல்லூரியோ ஸ்காலர்ஷிப் இல்லாமல் வேண்டுமானால் வந்து சேரட்டும் என்றது. டேவிட்சனில் முதல் ஆட்டத்தில் கறி 13 டர்ன்ஓவர் செய்தார். மெக்கிலப் அவரை உட்கார வைக்கவில்லை. அடுத்த ஆட்டத்தில் மிஷிகனுக்கு எதிராக 32 புள்ளி.

மெக்கிலப் தற்செயலாக ஜெயித்தார் என்று சொல்லலாம். நான் அப்படிப் பார்க்கவில்லை. மோசமாக ஆடும் நாளில்தான் பாயிண்ட் கார்டின் அசல் குணம் தெரியும். ஷாட் விழாத நாளில் மற்ற நாலு பேரையும் மறந்துவிட்டுத் தன் கணக்கைச் சரிசெய்யப் பார்க்கிறானா, இல்லை வேறு வழியில் அணிக்கு உதவுகிறானா? 25 புள்ளி எடுக்கும் நாளில் இந்தக் கேள்வியே எழாது.

தற்செயலும் இல்லாமல் இல்லை. 2016 கோடையில் மர்ரி ஸ்டேட் கல்லூரியின் உதவிக் கோச் ஜேம்ஸ் கேன் தென் கரோலினாவில் வேறொரு பையனைப் பார்க்கப் போயிருந்தார். சாப்பிட ஏதாவது வாங்கலாம் என்று நடந்தவருக்குப் பக்கத்து ஜிம்மில் பந்துச் சத்தம் கேட்டிருக்கிறது. உள்ளே மூன்றுக்கு மூன்று ஆடிக்கொண்டிருந்தவர்களில் ஒருவர், பின்னாளில் என்.பி.ஏ.வுக்குப் போன ஜா மொரான்ட். கேன் உடனே தலைமைக் கோச்சுக்கு போன் செய்தார். 2018-19 சீசனில் மொரான்ட் ஆட்டத்துக்கு 24.5 புள்ளி, 10 அசிஸ்ட். இருபது புள்ளியும் பத்து அசிஸ்ட்டும் சராசரியாக வைத்து ஒரு சீசனை முடித்த வீரர், கல்லூரி விளையாட்டை நடத்தும் என்.சி.ஏ.ஏ.வின் டிவிஷன் ஒன் கணக்கில் அதற்கு முன் யாரும் இல்லை. இத்தனைக்கும் ஏ.ஏ.யூ.வில் ஒரு காலத்தில், பள்ளியிலேயே பெரும் பெயர் வாங்கிய ஸயன் வில்லியம்சனோடு ஒரே அணியில் ஆடிய பையன். அத்தனை கண்ணும் ஸயன் மேல் இருந்திருக்கும்போல.

அதற்கும் முன்னால், பிறகு என்.பி.ஏ.வின் பெரிய பாயிண்ட் கார்டான ஸ்டீவ் நாஷ். கனடாவின் விக்டோரியாவிலிருந்து அவருடைய பள்ளிக் கோச் 30-க்கும் மேற்பட்ட அமெரிக்கக் கல்லூரிகளுக்கு எழுதிப் பார்த்தார். ஸ்காலர்ஷிப் கொடுக்க முன்வந்தது சான்டா கிளாரா மட்டும்தான். அந்தக் கல்லூரியிலிருந்து நேரில் பார்க்கப் போன டிக் டேவிக்கு, வேறு எவனும் இந்தப் பையனைப் பார்த்துவிடக் கூடாதே என்ற பதற்றமாம்.

ஹைஸ்கூல் பையன்களுக்கு நட்சத்திரம் போட்டு வரிசைப்படுத்தும் ரேட்டிங் எல்லாம் குப்பை என்று நான் சொல்ல வரவில்லை. முதல் பத்து இருபது பேரை அவர்கள் பெரும்பாலும் சரியாகவே பிடிக்கிறார்கள். அந்த உயரத்தையும் வேகத்தையும் பார்க்க நிபுணர் தேவையில்லை. ஐம்பதாவது இடத்துக்குக் கீழேதான் மூட்டம். அங்கே ஒரு நல்ல கோச்சின் கண்ணுக்கு மதிப்பு இருந்தது.

இருந்தது என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 2021 முதல் கல்லூரி மாறுகிறவர் ஒரு வருடம் ஒதுங்கி உட்கார வேண்டியதில்லை. முதலில் ஒரு தடவைக்கு மட்டும் என்றார்கள், 2024-ல் எத்தனை தடவை வேண்டுமானாலும் என்றாகிவிட்டது. அதே 2021 ஜூலையிலிருந்து தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்து வீரர்கள் பணம் வாங்கலாம். 2025-ல் ஒரு வழக்குச் சமரசத்துக்குக் கிடைத்த கோர்ட் ஒப்புதலுக்குப் பிறகு கல்லூரியே நேரடியாகக் கொடுக்கலாம், 2025-26-ல் எல்லா விளையாட்டுக்கும் சேர்த்துச் சுமார் 20.5 மில்லியன் டாலர் வரை. பெரிய கல்லூரிக் கோச் 17 வயதுப் பையனைப் பார்த்து மூளையைக் கசக்குவானேன்? இரண்டு வருடம் வேறெங்கோ ஆடி, நிரூபித்துவிட்ட 21 வயதுக்காரரை, கல்லூரி மாற விரும்புகிறவர்கள் பெயர் பதியும் போர்ட்டலில் எடுத்துக்கொள்ளலாமே.

2025 தேசியப் பட்டம் வாங்கிய ஃப்ளோரிடாவைப் பாருங்கள். ஃபைனலில் ஹூஸ்டனை 65-63 என்று வென்ற அணி. முதல் ஐவரில் இருந்த மூன்று கார்டுகளும் வேறு கல்லூரியிலிருந்து வந்தவர்கள். வால்டர் கிளேட்டன் ஜூனியர் அயோனாவிலிருந்து, வில் ரிச்சர்ட் பெல்மான்ட்டிலிருந்து, அலைஜா மார்ட்டின் ஃப்ளோரிடா அட்லான்டிக்கிலிருந்து. கிளேட்டன் ஹைஸ்கூலில் அமெரிக்கன் ஃபுட்பால் பையனாகவும் பெயர் வாங்கியவர். அவரைக் கூடைப்பந்து வீரராகக் கண்டுபிடித்து வளர்த்த வேலை அயோனாவுடையது, கோப்பை ஃப்ளோரிடாவுக்கு. ஃப்ளோரிடா மேல் தப்பே இல்லை, விதி அப்படி. கிளேட்டனுக்கும் நல்லதுதான் நடந்தது. எனக்கு வருத்தமெல்லாம் அயோனா மாதிரி இடங்களைப் பற்றி. கண்டுபிடித்தவனிடம் நிலைத்துத் தங்க மாட்டான் என்றால் அடுத்த பையனைத் தேடி யார் பக்கத்து ஜிம் வரை நடப்பார்கள்? முதல் வருடமே ஆட்டத்துக்கு 21.5 புள்ளி எடுத்த கறியை இன்றைக்கு டேவிட்சனால் மூன்று வருடம் வைத்திருக்க முடியுமா? சான்ஸே இல்லை.

இங்கே பையனை ஏ.ஏ.யூ.வுக்குக் கூட்டிக்கொண்டு அலையும் நம் ஆட்கள் சிலர் இதைப் படிப்பீர்கள், அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன். வீடியோ எடிட் பண்ணுகிற ஆளுக்குக் கொடுக்கும் காசை மிச்சம் பிடியுங்கள். கோச்சுக்கு அனுப்புவதாக இருந்தால் வெட்டாத முழு ஆட்டம் ஒன்றை அனுப்புங்கள், முடிந்தால் நல்ல அணியிடம் தோற்ற ஆட்டமாகப் பார்த்து. கேமரா பந்தின் பின்னாலேயே ஓட வேண்டாம், பத்துப் பேரும் தெரிகிற மாதிரி மேல்படியில் வையுங்கள். டைம் அவுட்டில் நிறுத்திவிடாதீர்கள், பையன் அப்போது எங்கே நிற்கிறான், யாரிடம் பேசுகிறான் என்பதும் பதிவாகட்டும். பெரிய பெயர்களை விட்டுவிட்டு, காரில் மூன்று மணி நேரத்தில் போய்விடக்கூடிய சின்னக் கல்லூரிகளிலிருந்து ஆரம்பியுங்கள்.