ஈரானில் ஓட்டு எதுவரை போகும்?

2024 ஜூலையில் மசூத் பெஸெஷ்கியான் ஈரான் அதிபரானபோது, 'இனி எல்லாம் மாறும்' என்று ஒரு தரப்பு எழுதியது, 'எல்லாம் நாடகம்' என்றது இன்னொரு தரப்பு. மதகுருமார் ஆட்சியில் தேர்தல் எப்படி வேலை செய்கிறது என்று இரண்டு பேருமே பார்க்கவில்லை என்பது என் எண்ணம். வாக்கு எண்ணிக்கையில் மோசடியா என்பதைச் சுற்றியே பேச்சு ஓடுகிறது. 2009-ல் அந்தச் சந்தேகத்துக்கு வலுவான காரணம் இருந்தது, அதை மறுக்கவில்லை. ஆனால் பெரும்பாலான தேர்தல்களில் முக்கியமான முடிவு ஓட்டுப்பதிவுக்குச் சில வாரங்கள் முன்பே, வேட்பாளர் பட்டியலிலேயே எடுக்கப்பட்டுவிடுகிறது.

அந்தப் பட்டியலைப் போடுவது 12 பேர் கொண்ட கார்டியன் கவுன்சில். அதில் 6 மதகுருக்களை, அதிபருக்கும் மேலே இருக்கும் மதத் தலைவரான உச்சத் தலைவர் நேரடியாக நியமிக்கிறார். மற்ற 6 சட்ட நிபுணர்களை நீதித்துறைத் தலைவர் முன்மொழிய, நாடாளுமன்றமான மஜ்லிஸ் தேர்ந்தெடுக்கிறது. அந்த நீதித்துறைத் தலைவரை நியமிப்பவரும் உச்சத் தலைவர்தான். சாசனத்தின் 99-ஆம் பிரிவு கவுன்சிலுக்குத் தருவது தேர்தல் மேற்பார்வை. 1991-ல் கவுன்சிலே அதற்கு விளக்கம் எழுதி, யார் நிற்கலாம், யார் நிற்கக் கூடாது என்பதையும் தன் கைக்குள் கொண்டுவந்தது. அந்த விளக்கத்தை எதிர்த்து எங்கே போவது? 98-ஆம் பிரிவின்படி சாசனத்துக்கு விளக்கம் சொல்லும் அதிகாரமும் அதே கவுன்சிலிடம்தான் இருக்கிறது.

உச்சத் தலைவரைத் தேர்ந்தெடுப்பது மக்கள் ஓட்டுப்போட்டு அனுப்பும் 88 பேரின் நிபுணர்கள் சபைதானே என்று கேட்கலாம். அந்த 88 இடங்களுக்கு நிற்பவர்களை வடிகட்டுவதும் இதே கவுன்சில். 2016-ல், இந்த ஆட்சியை நிறுவிய கொமெய்னியின் பேரன் ஹசன் கொமெய்னிக்கே அனுமதி கிடைக்கவில்லை. இரண்டு முறை அதிபராக இருந்த ரூஹானியை 2024-ல் வெளியே நிறுத்தினார்கள்.

இந்த வளையத்தை உள்ளிருந்தே உடைக்க ஒருமுறை நேர்மையாக முயன்று பார்த்தார்கள். 'உள்ளே போய் மாற்றுவோம்' என்பவர்கள் அவசியம் படிக்க வேண்டிய காலம் அது. 1997-ல் சீர்திருத்தவாதியான முகமது காத்தமி சுமார் 2 கோடி வாக்குகள், ஏறத்தாழ 70 சதவீதம் வாங்கி அதிபரானார். 2000-ல் மஜ்லிஸும் சீர்திருத்தவாதிகள் கைக்கு வந்தது. அதிபரும் அவர்கள் ஆள், நாடாளுமன்றமும் அவர்களுடையது. இதைவிட என்ன வேண்டும்? அந்த ஆகஸ்டில் கடுமையான பத்திரிகைச் சட்டத்தைத் திருத்த மசோதா வந்தது. உச்சத் தலைவர் காமெனியிடமிருந்து ஒரு கடிதம் வந்ததும் விவாதம் தொடங்காமலே கைவிடப்பட்டது. 2002-ல் காத்தமி இரண்டு மசோதாக்கள் கொண்டுவந்தார். ஒன்று அதிபரின் அதிகாரத்தைக் கூட்டுவதற்கு, மற்றொன்று கவுன்சிலின் வடிகட்டும் அதிகாரத்தைக் குறைப்பதற்கு. மஜ்லிஸ் நிறைவேற்றியது. ஆனால் மஜ்லிஸ் நிறைவேற்றும் மசோதா பொதுவாகக் கார்டியன் கவுன்சிலின் ஒப்புதல் இல்லாமல் சட்டமாகாது. தன் அதிகாரத்தைக் குறைக்கும் மசோதாவைத் தானே பரிசீலித்து நிராகரித்தது கவுன்சில். 2004-ல் காத்தமி இரண்டையும் திரும்பப் பெற்றார். அதே ஆண்டு மஜ்லிஸ் தேர்தலில் 2,000-க்கும் மேற்பட்டவர்களின் மனுக்கள் தள்ளுபடியாயின. அவர்களில் 80-க்கும் மேற்பட்டோர் பதவியில் இருந்த உறுப்பினர்கள். நாடாளுமன்றத்துக்குள்ளேயே உட்கார்ந்து போராடினார்கள், பலர் ராஜினாமாவும் செய்தார்கள். தேர்தல் நிற்கவில்லை.

சாசனத்தையே திருத்தலாமே என்றால், 177-ஆம் பிரிவு குறுக்கே நிற்கிறது. திருத்த வேலையைத் தொடங்கும் உத்தரவு உச்சத் தலைவரிடமிருந்துதான் வர வேண்டும். ஆட்சியின் இஸ்லாமியத் தன்மையும் மதத் தலைமையின் ஆளுகையும் திருத்தவே முடியாதவை.

அப்படியானால் ஓட்டுக்கு மதிப்பே இல்லையா? இருக்கிறது. 2013-ல் ரூஹானி வந்தபோது 35 சதவீதத்தை ஒட்டி இருந்த பணவீக்கம் மூன்றாண்டுகளில் 10-க்குக் கீழே இறங்கியது. 2015-ல் அணு ஒப்பந்தம் வந்தது. சாமானியக் குடும்பத்துக்கு இவை சிறிய விஷயங்கள் அல்ல. ஆனாலும் அந்த ஒப்பந்தத்துக்கு வழிவிட்ட ரகசியப் பேச்சு ஓமானில், ரூஹானி ஜெயிப்பதற்கு முன்பே தொடங்கியிருந்தது. மேலிடம் ஏற்கெனவே போக நினைத்த திசையில் அதிபரால் வேகமாகப் போக முடிந்தது. அந்தத் திசைக்கு எதிராக ஓர் அங்குலம்கூட நகர முடியவில்லை. 2019 நவம்பரில் பெட்ரோல் விலை திடீரென உயர்ந்தபோது, முடிவெடுத்தது நிர்வாகம், நாடாளுமன்றம், நீதித்துறை ஆகிய மூன்றின் தலைவர்கள் கூடிய ஒரு குழு. மஜ்லிஸை யாரும் கேட்கவில்லை.

புறக்கணிப்பை மட்டும் நம்பியிருப்பவர்களிடமும் எனக்கு மாறுபாடு உண்டு. 2021 அதிபர் தேர்தலில் 592 பேர் மனுப் போட்டார்கள், 7 பேருக்கு அனுமதி. வாக்குப்பதிவு 48.8 சதவீதம். செல்லாத ஓட்டு சுமார் 37 லட்சம், இரண்டாம் இடம் பிடித்தவர் வாங்கியதைவிட அதிகம். இது ஆட்சிக்கு அவமானம்தான். ஆனால் கடும்போக்காளரான ரைசி அதிபரானார், அரசின் எல்லாக் கிளைகளும் ஒரே அணியின் கைக்குப் போயின. ஹிஜாப் விஷயத்தில் அறநெறிக் காவலர்கள் பிடித்துச் சென்ற மாஸா அமினியின் மரணமும் 2022 போராட்டங்கள் மீதான ஒடுக்குமுறையும் அந்த ஆட்சியில்தான் நடந்தன.

அதனால் அடுத்த முறை ஈரான் தேர்தல் செய்தி வரும்போது முதலில் நிராகரிக்கப்பட்டவர்களின் பட்டியலைப் பாருங்கள். இதே பெஸெஷ்கியானை 2021-ல் நிராகரித்த கவுன்சில் 2024-ல் அனுமதித்தது. இடையில் வந்த 2024 மார்ச் மஜ்லிஸ் தேர்தலில் வாக்குப்பதிவு 41 சதவீதத்துக்குச் சரிந்திருந்தது. கூட்டம் சேர்க்க ஒரு சீர்திருத்தவாதி தேவைப்பட்டார் என்றே நான் படிக்கிறேன். அப்படியும் அதிபர் தேர்தலின் முதல் சுற்றில் வாக்குப்பதிவு 40 சதவீதத்தைத் தொடவில்லை. அடுத்து வெளியுறவு, உளவு, பாதுகாப்பு அமைச்சர்களைக் கவனியுங்கள். உச்சத் தலைவரின் சம்மதம் இல்லாதவர்கள் அந்த நாற்காலிகளில் உட்காருவதில்லை.

ஹிஜாப் விஷயத்தில் இந்தக் கணக்கு முழுதாகத் தெரிகிறது. 2022-க்குப் பிறகு தெஹ்ரான் தெருக்களில் பெண்கள் முக்காடு இல்லாமல் நடக்கத் தொடங்கினார்கள், எந்தச் சட்டமும் அதற்கு அனுமதி தரவில்லை. அபராதமும் சிறையும் நிறைந்த புதிய ஹிஜாப் சட்டத்தை 2023 செப்டம்பரில் மஜ்லிஸ் நிறைவேற்றியது, கார்டியன் கவுன்சிலும் ஏற்றது. 2024 டிசம்பரில் அது அமலுக்கு வர வேண்டிய நேரத்தில் பெஸெஷ்கியான் தயக்கம் காட்டினார், தேசியப் பாதுகாப்புக் கவுன்சில் நிறுத்திவைத்தது. அந்தத் தேர்தலில் அவரிடம் தோற்ற கடும்போக்காளர் ஜலீலி ஜெயித்திருந்தால் அநேகமாக அது அமலாகியிருக்கும். சட்டத்தை ரத்து செய்ய மட்டும் பெஸெஷ்கியானுக்கு அதிகாரம் கிடையாது.