சாவி யார் கையில் இருக்கிறது?

குவாண்டம் தகவல் தொடர்பு பற்றிச் செய்தி வந்தாலே "இனி யாராலும் ஒட்டுக்கேட்க முடியாது" என்று தலைப்பு வைத்துவிடுகிறார்கள். பல ஆண்டுகளாக இந்தத் துறையை ஆசையோடு படித்து வருகிறவன் நான். அந்த வரியைக் கண்டால் எனக்கு மனம் ஆறுவதில்லை.

1984இல் பென்னட், பிராசார்ட் என்ற இரு ஆய்வாளர்கள் முன்வைத்த யோசனை அத்தனை அழகானது. ஒளித்துகள்களை ஒவ்வொன்றாக அனுப்பி இருவர் தங்களுக்குள் ஒரு ரகசியச் சாவியை, அதாவது செய்தியைப் பூட்டவும் திறக்கவும் உதவும் பிட்களின் (0, 1 எண்களின்) வரிசையை, உருவாக்கிக்கொள்ளலாம். நடுவில் ஒருவன் அளந்து பார்த்தால் துகளின் நிலை கலையும், பிழைகள் கூடும், திருட்டு தெரிந்துவிடும். முன்பின் தெரியாத குவாண்டம் நிலையை அச்சு அசலாக நகலெடுக்க இயற்கையே இடம் தருவதில்லை.

திருடனைத் தடுக்கும் அதே விதி நம் கையையும் கட்டிப்போடுகிறது. சாதாரண ஒளியிழைத் தடத்தில் வழிநெடுகப் பெருக்கிகளை வைத்து, மங்கும் ஒளியைத் தூக்கிவிடுவார்கள். இங்கே அதற்கு வழியில்லை; ஒளியைப் பெருக்குவது என்றால் அதன் நிலையை நகலெடுப்பதுதானே. நல்ல இழையிலும் 50 கிலோமீட்டர் தாண்டினால் பத்தில் ஒரு துகள்தான் மிஞ்சும். 100 கிலோமீட்டரில் நூறில் ஒன்று. 1,000 கிலோமீட்டருக்கு என்ன ஆகும் என்று ஒரு தாளில் கணக்குப் போட்டேன். நொடிக்கு ஆயிரம் கோடி துகள்களை அனுப்பினாலும், மறுமுனையில் ஒரே ஒரு துகளைப் பார்க்க 300 ஆண்டுகளுக்கு மேல் காத்திருக்க வேண்டும். நம்ப முடியாமல் மறுபடியும் போட்டேன். அதே விடை.

இரு முனைகளிலிருந்தும் ஒளியை அனுப்பி நடுவில் சந்திக்க வைக்கும் முறையால் 2023இல் சீனாவில் 1,002 கிலோமீட்டர் இழையைக் கடந்துவிட்டார்கள். பெரிய சாதனைதான், ஆனால் சாவி சொட்டுச் சொட்டாகத்தான் வந்தது.

இதனால்தான் வானத்தை நாடினார்கள். காற்றின் அடர்ந்த பகுதி ஏறத்தாழ 10 கிலோமீட்டர்தான். அதற்கு மேலே கற்றை விரிவதால் வரும் இழப்பு உண்டே தவிர, ஒளியை விழுங்க எதுவும் இல்லை. 2016 ஆகஸ்டில் ஏவப்பட்ட சீனாவின் மிசியஸ் செயற்கைக்கோள், அந்நாட்டில் 1,203 கிலோமீட்டர் இடைவெளியில் உள்ள டெலிங்ஹா, லிஜியாங் நிலையங்களுக்குப் பின்னிப்பிணைந்த துகள் இணைகளை, அதாவது எவ்வளவு தள்ளியிருந்தாலும் அளவீட்டு விடைகள் ஒன்றோடொன்று பொருந்தும் இணைகளை, பிரித்து அனுப்பிக் காட்டியது.

2017 செப்டம்பரில் வியன்னாவும் பெய்ஜிங்கும் அதன் துணையோடு காணொலியில் பேசின. அந்தப் பேச்சைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். ஆஸ்திரியாவின் கிராஸ் நிலையத்தோடு ஒரு சாவி, சீனாவின் ஷிங்லாங் நிலையத்தோடு இன்னொரு சாவி. இரண்டையும் செயற்கைக்கோள் ஒன்றாகக் கலந்து, அந்தக் கலவையை வெளிப்படையாக அறிவிக்கிறது. தன் சாவியை வைத்திருப்பவர் கலவையிலிருந்து மற்றவருடையதைப் பிரித்தெடுத்துக்கொள்கிறார். வெளியாளுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. ஆனால் செயற்கைக்கோளுக்கு இரண்டு சாவிகளும் தெரியும். அதன் நினைவகத்தைப் படிக்க முடிந்தவனுக்கும் தெரியும்! பெய்ஜிங்கிலிருந்து ஷாங்காய்க்குப் போகும் 2,000 கிலோமீட்டர் இழைத் தடத்தில் இப்படி நம்பியே ஆக வேண்டிய நிலையங்கள் 32. அங்கெல்லாம் சாவியைக் காப்பது கதவும் காவலும்தான். செய்தியில் இந்த எண்ணையும் போட்டால் என்ன குறைந்துவிடும்?

நம்பியாக வேண்டிய இடைநிலையங்களே வேண்டாம் என்றால் குவாண்டம் நினைவகமும், துகள்களின் பிணைப்பைக் கட்டம் கட்டமாக நீட்டிக்கொண்டு போகும் மறுபரப்பியும் வேண்டும். மறுபரப்பிக்கான திட்டம் 1998இலேயே எழுதப்பட்டுவிட்டது. துகளின் நிலையைக் கலைக்காமல் போதிய நேரம் பிடித்துவைக்கும் நினைவகத்துக்காகத்தான் ஆய்வகங்கள் இன்னும் போராடுகின்றன. பணமும் பொறுமையும் அங்கே போக வேண்டும் என்பேன்.

2020இல் அதே மிசியஸ், பின்னிப்பிணைந்த துகள் இணைகளை அனுப்பி, தான் அறியாத ஒரு சாவியை 1,120 கிலோமீட்டர் தள்ளியிருந்த இரு நிலையங்களுக்கு இடையே உருவாக்கித் தந்தது. வேகம் நொடிக்கு 0.12 பிட். எட்டு நொடிக்கு ஒரு பிட். இந்தத் துறையில் நான் அதிகம் மதிக்கும் எண் அதுதான்.