எம்4 குழலும் கடைக் குழலும் ஒன்றல்ல
தம்பி, “அமெரிக்கக் கடையில் விற்கும் ஏஆர்-15 துவக்கின் குழலும் அமெரிக்க இராணுவத்தின் எம்4 துவக்கின் குழலும் ஒன்றுதான், தொடர்ந்து சுடுவது மட்டும்தான் வித்தியாசம்” என்று எழுதியிருக்கிறீர்கள். அது பிழை. யாழ்ப்பாணத்தில் நாங்கள் கண்டு பழகிய டி-56 வேறு குடும்பத் துவக்கு (சீனாவின் ஏகே வகை), அதை வைத்தும் இதை அளக்க முடியாது.

எம்4 குழல் 14.5 அங்குலம். அமெரிக்காவில் 16 அங்குலத்துக்குக் குறைந்த ரைபிள் குழலுக்குத் தனிப் பதிவு வேண்டும். கடைக் குழல் நீண்டது அதனால்தான், துல்லியத்துக்காக அல்ல.

முக்கியமான விஷயம் வாயுத் துளை. சுட்டதும் குழலிலிருந்து கொஞ்ச வாயு அந்தத் துளையால் பின்னுக்குப் போய்த்தான் அடுத்த ரவையை ஏற்ற வைக்கிறது. துளையை எம்4இல் உள்ள இடத்திலேயே விட்டுக் குழலை மட்டும் நீட்டினால், குண்டு வெளியேறும்வரை அழுத்தம் கூடிய நேரம் நிற்கும். உதைப்பும் தேய்மானமும் கூடும். பல தயாரிப்பாளர்கள் துளையைச் சுமார் 2 அங்குலம் முன்னுக்கு நகர்த்தியது இதற்காகத்தான்.

எம்4 குழலில் தெரியும் ஒடுங்கிய இடம் எம்203 கிரனேட் லோஞ்சரைப் பூட்டுவதற்கு. கடைக் குழல் பலவற்றில் அது வெறும் தோற்றம். அப்புறம், இராணுவக் குழலின் உட்புறத்தில் குரோம் பூச்சு உண்டு. போட்டியில் சுடுபவர்கள் பலர் துல்லியத்துக்காகப் பூச்சில்லாத துருப்பிடிக்காத உருக்குக் குழலைத்தான் தேடி வாங்குகிறார்கள்.