ஊருக்கு மார்க் போடுகிறவர்களுக்கு

அந்த வீடியோவை நானும் பார்த்துவிட்டேன். இனி யாரும் உள்பெட்டியில் அனுப்ப வேண்டாம். மதுரையிலிருந்து காலையில் காரில் கிளம்பி, பதினொரு மணிக்குத் திருச்செந்தூரில் இறங்கி, மூன்று மணிக்கெல்லாம் திரும்பிவிட்ட தம்பி, ஊருக்குப் பத்துக்கு நாலு மார்க் போட்டிருக்கிறார். கடற்கரையில் 'ஆக்டிவிட்டி எதுவுமே இல்லை'யாம். சரி. செந்திலாண்டவரிடம் சொல்லி அடுத்த முறை பாராசூட்டுக்கு ஏற்பாடு செய்கிறோம்.

ஒரே நாளில் போய்வருவது தப்பு என்று நான் சொல்லவில்லை. நாங்களே அப்படித்தான் போவோம். நெல்லையிலிருந்து 60 கிலோமீட்டர், 1923-இல் வந்த ரயில் பாதை. பாளையங்கோட்டை ஸ்டேஷனில் ஏறியதும் மடியில் தூக்குச்சட்டியோடு ஆச்சி ஒவ்வொரு ஊராகச் சொல்ல ஆரம்பிப்பாள். செய்துங்கநல்லூர், ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரிக்கு ஒரு கும்பிடு, நாசரேத். குரும்பூர் தாண்டினால் காற்றில் உப்பு தெரியும் என்பாள். எனக்கு ஒருநாளும் தெரிந்ததில்லை. தெரிகிறது என்று தலையாட்டுவேன். கடலில் முங்கி, நாழிக்கிணற்றுத் தண்ணீரை ஊற்றிக்கொண்டு, சாமி கும்பிட்டு, சாயங்கால வண்டிக்கு வீடு. எங்களுக்கும் அந்த ஒரு பகல்தான். மார்க் போட யாருக்கும் தோன்றவில்லை.

நாழிக்கிணறு 'சின்னக் குழி'யாம். கடலுக்கு இத்தனை பக்கத்தில் உப்புக் கரிக்காத தண்ணீர் ஊறுகிறதே, ஒரு வாய் குடித்துப் பார்த்தாரா? கேமராவை நீட்டினார், போய்விட்டார். இவர்தான் மார்க் போடுகிறார்.

'கூட்டம், குப்பை, ஆட்டோவில் கூடக் கேட்பது, இதையெல்லாம் சொல்லக் கூடாதா?' தாராளமாகச் சொல்லுங்கள், உண்மைதான். (அந்தக் குப்பையில் பாதி யார் காரில் வந்தது என்று கேட்டால் சண்டை வரும், விடுங்கள்.) 'ஊர்ப்பாசத்தில் பேசுகிறீர்கள்' என்பீர்கள். ஆமாம். வேறு எந்தப் பாசத்தில் பேச?

ஆனால் 'இந்தப் பக்கத்து ஆட்களுக்கு வெளியூர்க்காரன் என்றாலே காசுதான்' என்று போகிற போக்கில் ஒன்று சொன்னாரே, அங்கேதான் எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுவிட்டது. சுற்றிலும் வெள்ளம், உள்ளே சுமார் 800 பேர். பக்கத்து ஊர்க்காரர்கள்தான் இருந்த அரிசியை வைத்துச் சமைத்துப் போட்டார்கள். தலைக்கு எவ்வளவு வாங்கினார்கள் என்று தம்பி விசாரித்துச் சொல்லட்டும்.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். வீடியோ முடிவில், பன்னீர் இலையில் மடித்துக் கொடுத்த விபூதியை 'இதை என்ன பண்றது' என்று கார் டேஷ்போர்டில் வீசினார் பாருங்கள். எங்கள் வீட்டில் அந்த இலை அரிசிப் பானைக்குள் இருக்கும். காய்ச்சல் என்றால் முதலில் அதுதான், அப்புறம்தான் டாக்டர். ஆச்சி போய்ப் பதினாறு வருஷம் ஆகிறது. அவள் கடைசியாகக் கொண்டுவந்த இலை காய்ந்து நொறுங்கி என் பீரோவில் இருக்கிறது.

என் பெரியம்மா மகன் அந்த வீடியோவுக்குச் சிரிப்புப் பொம்மை போட்டிருக்கிறான். எங்களோடு அதே ரயிலில் வந்தவன். ஏலே, உன் நெற்றியிலும்தானே ஆச்சி பூசிவிட்டாள்?