படுக்கையில் இருப்பவரை யார் புரட்டிப் படுக்கவைப்பது?

உலகத்தில் முதியவர்கள் எண்ணிக்கை கூடிக்கொண்டே போகிறது என்று செய்தி வந்தாலே பேச்சு இரண்டு பக்கம்தான் போகிறது. ஓய்வூதியத்துக்குப் பணம் எங்கிருந்து வரும் என்பது ஒன்று. இளம் தம்பதிகள் ஏன் பிள்ளை பெற்றுக்கொள்ளத் தயங்குகிறார்கள் என்பது இன்னொன்று. இரண்டும் பேச வேண்டியவைதான். ஆனால் இரண்டிலுமே ஒரு கேள்வி விடுபட்டுப் போகிறது என்பது என் நெடுநாள் ஆதங்கம். எழுந்து நடமாட முடியாமல் போனவரைத் தினமும் குளிப்பாட்டி, சாப்பிட வைத்து, ராத்திரியில் எழுந்து பார்க்கப் போவது யார்? அப்படிப் பார்த்துக்கொள்கிறவருக்கு நாம் என்ன செய்யப் போகிறோம்?

பிள்ளைப்பேறு விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். மக்கள்தொகை குறையாமல் இருக்க ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 2.1 குழந்தை வேண்டும். தென்கொரியாவில் அது 2023இல் 0.72க்கு இறங்கியது. அங்கே அரசு பல ஆண்டுகளாக ஊக்கத்தொகை, சலுகை என்று கொடுத்துப் பார்த்தும் இந்த நிலைமை. சரி, நாளைக்கே பிறப்பு விகிதம் ஏறிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். இன்று பிறக்கிற குழந்தை வேலைக்கு வர இருபது ஆண்டுக்கு மேல் ஆகும். 2050இல் எண்பதைத் தொடப்போகிறவர்கள் ஏற்கெனவே ஐம்பதைத் தாண்டி நம்மோடு வேலை பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்கான ஏற்பாட்டை இப்போது இருக்கிற ஆட்களை வைத்துத்தான் செய்தாக வேண்டும்.

நேரமும் அதிகம் இல்லை. பிரான்ஸில் 65 வயதைக் கடந்தவர்களின் பங்கு 7 சதவீதத்திலிருந்து 14 சதவீதமாக ஏற நூறு ஆண்டுக்கும் மேல் ஆனது. ஜப்பானில் அதே ஏற்றம் சுமார் 25 ஆண்டில் நடந்துவிட்டது. தென்கொரியாவுக்கு இருபது ஆண்டுகூட ஆகவில்லை. பின்னால் வரும் நாடுகளுக்கு ஒரே ஒரு தலைமுறை அவகாசம்தான். அதற்குள் ஓய்வூதியம், மருத்துவமனை, பராமரிப்பு எல்லாவற்றையும் சேர்த்தே கட்டியெழுப்ப வேண்டியிருக்கிறது.

ஓய்வு வயதைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஜெர்மனியில் பிஸ்மார்க் ஆட்சித் தலைவராக இருந்த காலத்தில், 1889இல், முதியோர் ஓய்வூதியச் சட்டம் வந்தபோது வயது வரம்பு 70. அத்தனை வயதுவரை இருந்து அதை வாங்கியவர்கள் குறைவு. இன்றைக்கு அறுபத்தைந்தில் ஓய்வு பெறுகிறவர் இன்னும் இருபது ஆண்டு வாழ்வது சாதாரணம். அதனால் வரம்பை உயர்த்தியாக வேண்டும் என்கிறார்கள். டென்மார்க்கில் 2040க்குள் எழுபதாக உயர்த்தச் சட்டமே போட்டுவிட்டார்கள். நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்க்கிறவருக்கு இது சரியாக வரலாம். முப்பது நாற்பது ஆண்டு மூட்டை தூக்கியவருக்கும், சாரத்தில் ஏறி இறங்கியவருக்கும் அறுபதிலேயே முட்டி தேய்ந்துவிடும். அவரையும் இவரையும் ஒரே வரம்பில் நிறுத்துவது எனக்குச் சம்மதமில்லை.

இப்போது என் கேள்விக்கு வருகிறேன்.

படுக்கையோடு ஆகிவிட்ட ஒருவரைப் பார்த்துக்கொள்வது என்றால் என்னவென்று பக்கத்தில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். தானாகப் புரள முடியாதவரைப் பொதுவாக இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்கவைக்கச் சொல்வார்கள். இல்லையென்றால் இடுப்பிலும் குதிகாலிலும் தோல் சிவந்து, கொப்புளித்து, புண்ணாகிவிடும். ஒருமுறை படுக்கைப் புண் வந்தால் ஆறுவதற்கு மாதக்கணக்காகும். பக்கம் மாற்றுவதற்கும் ஒரு முறை இருக்கிறது. எதிர்ப்பக்க முட்டியை மடக்கி, தோளிலும் இடுப்பிலும் கை கொடுத்து, உடம்பை முறுக்காமல் ஒரே வீச்சில் புரட்ட வேண்டும். முதுகுக்கு ஒரு தலையணை, இரண்டு முட்டிக்கும் நடுவே ஒன்று, குதிகால் மெத்தையில் படாதபடி கெண்டைக்காலுக்கு அடியில் ஒன்று. விரிப்பில் ஒரு சுருக்கம்கூட இருக்கக் கூடாது. ராத்திரி பத்து மணிக்கு, பன்னிரண்டுக்கு, இரண்டுக்கு, நாலுக்கு. டயபர் மாற்றுவது இதற்கிடையில். இதை ஒரு வாரம் செய்தாலே செய்கிறவருடைய இடுப்பு பிடித்துக்கொள்ளும். சிலர் ஆண்டுக்கணக்காகச் செய்கிறார்கள்.

நினைவு தப்பியவர்கள் விஷயம் வேறு மாதிரி. உடம்பு நன்றாக இருக்கும், நடப்பார், கதவைத் திறந்துகொண்டு வெளியே போய்விடுவார். கேட்ட கேள்வியையே நாள் முழுக்கக் கேட்பார். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021இல் உலகம் முழுக்க 5 கோடியே 70 லட்சம் பேருக்கு டிமென்ஷியா இருந்தது. அவர்களுக்குக் குடும்பமும் நெருங்கியவர்களும் தரும் பராமரிப்பு நேரத்தில் சுமார் 70 சதவீதம் பெண்களுடையது என்றும் அந்த நிறுவனமே சொல்கிறது. மனைவி, மகள், மருமகள். சம்பளம் கிடையாது, விடுப்பு கிடையாது, பல இடங்களில் ஒரு நன்றிகூடக் கிடையாது.

பெற்றவர்களைப் பார்த்துக்கொள்வது பிள்ளைகளின் கடமை, இதில் அரசுக்கு என்ன வேலை என்று கேட்பவர்கள் உண்டு. அந்த உணர்வை நான் மதிக்கிறேன். ஆனால் யதார்த்தம் என்னவென்று பாருங்கள். தொண்ணூறு வயதுத் தாய்க்கு மகள் இருந்தால் அந்த மகளுக்கே அறுபத்தைந்து இருக்கும். ஜப்பானில் 2022இல் எடுத்த அரசு ஆய்வின்படி, ஒரே வீட்டில் இருந்து முதியவரைப் பார்த்துக்கொள்ளும் குடும்பங்களில் 60 சதவீதத்துக்கும் மேல், பார்த்துக்கொள்கிறவரும் 65ஐத் தாண்டியவர். அன்பு எவ்வளவு இருந்தாலும் அறுபத்தெட்டு வயது முதுகால் எழுபது கிலோ உடம்பைத் தினமும் தூக்க முடியாது. அதே நாட்டில், பெற்றோர் போன்ற குடும்பத்தாரைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதற்காக ஆண்டுக்குச் சுமார் ஒரு லட்சம் பேர் வேலையை விடுகிறார்கள். ஐம்பது வயதில் வேலையை விட்டவர் திரும்பவும் அதே வேலைக்குப் போவது கஷ்டம். அவருடைய ஓய்வூதியக் கணக்கும் அதோடு நின்றுவிடும். இன்று பராமரிப்பவர்தான் நாளைக்குக் கையில் காசில்லாத முதியவராக நிற்கப் போகிறார்.

இதைக் குடும்பத்தின் தலையில் மட்டும் கட்டாமல் பொதுப் பொறுப்பாக எடுத்துக்கொண்ட நாடுகள் இருக்கின்றன. ஜெர்மனி 1995இல் பராமரிப்புக் காப்பீட்டைக் கொண்டுவந்தது. ஜப்பான் 2000இல், தென்கொரியா 2008இல். ஜப்பானில் நாற்பது வயதானவர் முதல் எல்லோரும் சந்தா கட்டுகிறார்கள். செலவில் பாதி அதிலிருந்தும் பாதி வரிப்பணத்திலிருந்தும் வருகிறது. வயதானவருக்கு எந்த அளவு உதவி தேவை என்று நேரில் வந்து மதிப்பிட்டு, ஏழு படிகளில் ஒன்றில் வைக்கிறார்கள். அப்புறம் வாரத்தில் சில நாள் வீட்டுக்கு ஆள் வருவது, காலையில் வேனில் கூட்டிப்போய்க் குளிப்பாட்டி, மாலையில் கொண்டுவந்து விடுவது என்று அந்தப் படிக்கேற்ப ஏற்பாடு. பெரும்பாலானவர்கள் செலவில் பத்தில் ஒரு பங்கைக் கொடுத்தால் போதும். அந்த ஒரு பகல் பொழுது வீட்டில் இருப்பவருக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்பது இதை அனுபவித்தவருக்குத்தான் தெரியும்.

எல்லா நாட்டுக்கும் இந்த ஞானம் தானாக வந்துவிடவில்லை. பிரான்ஸில் 2003 ஆகஸ்டில் கடும் வெயில் அலை அடித்து சுமார் 15,000 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் முதியவர்கள், அவர்களிலும் பலர் தனியாக இருந்தவர்கள். நாடே விடுமுறைக்குப் போயிருந்த நேரம். பாரிஸில் உரிமை கோர ஆளில்லாமல் உடல்கள் கிடந்தன. அந்த அதிர்ச்சிக்குப் பிறகு அடுத்த ஆண்டே ஒரு சட்டம் போட்டார்கள். வேலை பார்க்கிறவர்கள் ஆண்டில் ஒரு நாள் கூடுதல் சம்பளம் இல்லாமல் வேலை செய்வார்கள், அதற்கு ஈடாக முதலாளிகள் ஒரு தொகை கட்டுவார்கள், அந்தப் பணம் முதியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் போகும். எதிர்ப்பு பலமாக இருந்தது, வேலைநிறுத்தம்கூட நடந்தது. இருந்தாலும் ஏதோ ஒரு வடிவத்தில் இன்றுவரை அது நிற்கிறது. முதியவர்களுக்காக நாம் எல்லோரும் எதையாவது கொடுத்தாக வேண்டும் என்பதை இவ்வளவு வெளிப்படையாகச் சொன்ன ஏற்பாடு எனக்குத் தெரிந்து வேறில்லை.

ஆனால் பணம் ஒதுக்கினால் மட்டும் ஆள் வந்துவிடாது. பணக்கார நாடுகள் இப்போது ஏழை நாடுகளிலிருந்து பெண்களை வரவழைத்துச் சமாளிக்கின்றன. இத்தாலியில் வயதானவர்களோடு வீட்டிலேயே தங்கிப் பார்த்துக்கொள்கிறவர்களில் பெரும்பகுதி வெளிநாட்டுப் பெண்கள். அவர்களுடைய சொந்தத் தாயை ஊரில் யார் பார்ப்பது? அதற்கு யாரும் பதில் சொல்வதில்லை. இயந்திரம் வந்து எல்லாவற்றையும் செய்யும் என்பதையும் நான் நம்பவில்லை. ஆளைத் தூக்கும் கருவி கட்டாயம் வேண்டும், அது இரண்டு பேருடைய முதுகைக் காப்பாற்றும். ஆனால் சாப்பிட மறுப்பவரை நாலு வார்த்தை பேசி ஒரு வாய் வாங்க வைக்க மனிதர்தான் வேண்டும். அந்த மனிதருக்குக் கௌரவமான சம்பளம், முறையான பயிற்சி, வேலை உத்தரவாதம் கொடுத்தால்தான் இளைஞர்கள் இந்த வேலைக்கு வருவார்கள். ஆண்களும் வருவார்கள், வர வேண்டும்.

பராமரிப்பு தேவைப்படும் நாளைத் தள்ளிப்போடவும் முடியும். முதியவர்களைப் படுக்கையில் தள்ளுவதில் கீழே விழுவதற்குப் பெரிய பங்கு உண்டு. குளியலறையில் கைப்பிடியும் வழுக்காத தரையும் பெரிய செலவில்லை. சிங்கப்பூரில் சாலை கடக்கும் இடத்தில் முதியவர் தன் அட்டையைக் கம்பத்தில் காட்டினால் பச்சை விளக்கு சில விநாடி கூடுதலாக எரியும். 2009இலிருந்து இது இருக்கிறது. அந்தச் சில விநாடிகள் இல்லாததாலேயே வெளியே போவதை நிறுத்திவிடுகிறவர்கள் எல்லா நாட்டிலும் உண்டு. நடப்பது நின்றால் கால் பலம் குறையும், மனிதர்களைப் பார்ப்பதும் குறையும்.

முதலில் ஒன்றை மட்டும் கேட்கலாம் என்றால் நான் இதைக் கேட்பேன். ஜெர்மனியில் வீட்டில் ஒருவரை வாரத்துக்குப் பத்து மணி நேரத்துக்குக் குறையாமல் பார்த்துக்கொள்ளும் குடும்பத்தாருக்கு, சில நிபந்தனைகளோடு, காப்பீட்டு நிதியிலிருந்தே ஓய்வூதியச் சந்தா கட்டுகிறார்கள். அதாவது அவர் வீட்டில் செய்ததும் உழைப்பு என்று கணக்கில் ஏறுகிறது. மற்ற நாடுகளிலும் இது வர வேண்டும். அதோடு, ஆண்டில் சில வாரமாவது அவருக்குப் பதிலாக மாற்று ஆள் வந்து பார்த்துக்கொள்ளும் ஏற்பாடும் வேண்டும்.

வீட்டில் ஒருவரைப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் இதைப் படித்தால், உங்களுக்கு முதலில் எது வேண்டும் என்று எழுதுங்கள். பணமா, மாற்று ஆளா, தொடர்ந்து ஒரு ராத்திரித் தூக்கமா? இந்த விஷயத்தில் நிபுணர்களைவிட உங்களுக்குத்தான் அதிகம் தெரியும் என்று நான் நினைக்கிறேன்.